கைப்பேசியிலேயே நேரலை வகுப்பு: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மடிக்கணினியும் பிராட்பேண்டும் உள்ளவர்களுக்கான குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. இந்தப் பக்கம் கையில் ஒரு ஆண்ட்ராய்டு போனும் நாளுக்கு 1.5 ஜி.பி. அல்லது 2 ஜி.பி. ப்ரீபெய்டு டேட்டாவும் மட்டுமே உள்ளவர்களுக்கானது. பாடம் எடுப்பவர் போனிலிருந்து எடுக்கிறார், கேட்பவர்களும் போனில்தான் கேட்கிறார்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே முன்னுரிமை இருக்கும்: முதலில் குரல், அடுத்து எழுத்து, முகம் கடைசியில். குரல் தெளிவாக வந்தால் படம் உறைந்துபோனாலும் வகுப்பு தொடரும். குரல் போய்விட்டால் எவ்வளவு அழகான படம் இருந்தும் பாடம் நின்றுவிடும்.

40 மாணவர்கள் உள்ள வகுப்புக்கு எந்தச் செயலி சரி?

இலவசக் கணக்கில் ஜூம் 100 பேர் வரை ஏற்கும், ஆனால் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். கூகுள் மீட்டின் இலவசக் கணக்கும் 100 பேருக்கு இடம் தரும். மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிட வரம்பு உண்டு. வாட்ஸ்அப் குழு அழைப்பில் 32 பேர் வரைதான், அதோடு ஆசிரியருக்கு வகுப்பை ஒழுங்குபடுத்தும் வசதிகளும் குறைவு. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சந்தேகம் தீர்க்கும் வகுப்புக்கு அது போதும், முழு வகுப்புக்குப் போதாது. ஜிட்சி மீட் திறமூல மென்பொருள், நிமிடக் கணக்கு பார்த்துத் துண்டிக்காது. அதன் பொதுத் தளத்தில் கூட்டத்தைத் தொடங்குபவர் மட்டும் ஒரு கணக்கில் உள்நுழைய வேண்டும். இந்த விதி 2023 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. மாணவர்கள் லிங்க்கைத் தொட்டாலே போதும்.

பள்ளி நிர்வாகம் ஒரு வேலையைச் செய்தால் இந்த நிமிடக் கவலையே தீரும். கூகுளின் கல்விக்கான ஒர்க்ஸ்பேஸ் அடிப்படைத் திட்டம், தகுதியுள்ள பள்ளிகளுக்கு இலவசம். பள்ளியின் பெயரில் விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். அதன்பின் மீட்டில் 60 நிமிட வரம்பு இருக்காது, 100 பேர் வரை சேரலாம். தனி ஆசிரியராக வகுப்பெடுப்பவருக்கு இது கிடைக்காது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆண்டு முழுவதும் அதிலேயே இருங்கள். கணக்கு ஆசிரியர் ஜூமிலும் அறிவியல் ஆசிரியர் மீட்டிலும் வகுப்பெடுத்தால் சிரமப்படுவது 32 ஜி.பி. சேமிப்பு உள்ள பழைய போனை வைத்திருக்கும் மாணவர்தான்.

ஒரு மணி நேர வகுப்புக்கு எவ்வளவு டேட்டா செலவாகும்?

நாம் என்ன பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஜூம் நிறுவனம் தரும் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால்:

குரல் மட்டும் நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட். மணிக்கு அதிகபட்சம் 36 எம்.பி.
முகம் இல்லாமல் திரைப் பகிர்வு மட்டும் 50 முதல் 75 கிலோபிட். மணிக்கு ஏறக்குறைய 34 எம்.பி. வரை.
குழு அழைப்பில் உங்கள் முகத்தை நல்ல தரத்தில் அனுப்புவதற்கு 1 மெகாபிட். மணிக்கு 450 எம்.பி.
மற்றவர்களின் வீடியோ இறங்குவதற்குத் தனியாக 600 கிலோபிட். மணிக்கு 270 எம்.பி.

நாளுக்கு 40 நிமிட வகுப்பு நான்கு என்று வையுங்கள். வீடியோவோடு பார்த்தால் 720 எம்.பி. போய்விடும். மாணவரும் கேமராவைத் திறந்து வைத்தால் 1.5 ஜி.பி. பேக் நாலாவது வகுப்பிலேயே தீர்ந்துவிடும். அதே நான்கு வகுப்பைக் குரலும் திரைப் பகிர்வுமாக நடத்தினால் 200 எம்.பி.க்குள் முடியும். அண்ணனும் தங்கையும் ஒரே போனில் படிக்கும் வீட்டில் இந்த வேறுபாடுதான் இரண்டாவது பிள்ளை வகுப்புக்கு வருமா வராதா என்பதை முடிவு செய்கிறது.

அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் வழக்கமாக 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். கணக்குப்படி குரலுக்கு அது எல்லைக்கோட்டில் இருக்கிறது, நடைமுறையில் போதாது. பின்னணியில் வாட்ஸ்அப் ஒரு படத்தை இறக்கினாலே குரல் அறுந்துவிடும். அதனால் வாட்ஸ்அப்பில் படம், வீடியோ தானாக இறங்குவதை முதல் நாளே நிறுத்திவையுங்கள். பிளே ஸ்டோரில் செயலிகள் தானாகப் புதுப்பித்துக்கொள்வதையும் வைஃபை இருக்கும்போது மட்டும் என்று மாற்றுங்கள்.

செலவைக் குறைக்கச் செயலிக்குள் என்ன மாற்ற வேண்டும்?

மீட்டில் அமைப்புகளுக்குள் ‘லிமிட் டேட்டா யூசேஜ்’ இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். ஜூமில் கூட்டத்துக்குள் ‘மோர்’ பட்டியலில் மற்றவர்களின் வீடியோ வருவதை நிறுத்தும் வசதி உண்டு. அதை அழுத்தினால் முகங்கள் மறைந்து குரலும் பகிரப்பட்ட திரையும் மட்டும் நிற்கும். வாட்ஸ்அப்பில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ பகுதியில் அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா என்ற தேர்வு இருக்கிறது.

சிக்னல் கோடு முழுதாக இருக்கிறது. இருந்தும் ஆசிரியர் குரல் விட்டுவிட்டு வருகிறதே?

அந்தக் கோடுகள் டவரிலிருந்து வரும் அலையின் வலுவை மட்டும் காட்டுகின்றன. அதே டவரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் காட்டுவதில்லை. மாலை 7 மணிக்கு மேல் ஊரே வீடியோ பார்க்கும்போது முழுக் கோடு இருந்தும் வேகம் இருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. நேரலைக் குரல் பொதுவாக 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது, அதாவது நொடிக்கு 50 துண்டுகள். ஒரு துண்டு தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்க நேரம் இல்லை, அடுத்த சொல் அதற்குள் வந்துவிடும். யூடியூப் சில நொடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் இந்தத் தடுமாற்றம் அதில் தெரிவதில்லை. ‘யூடியூப் நன்றாக ஓடுகிறதே’ என்பது நேரலை வகுப்பும் ஓடும் என்பதற்குச் சான்றாகாது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் குரல் போய்ச்சேரும் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும், 400ஐத் தாண்டினால் பயன்படாது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வரையறை.

செய்ய வேண்டியது: வகுப்பு நடக்கும் அதே நேரத்தில், உட்காரப் போகும் அதே இடத்தில், வேகச் சோதனை ஒன்றை ஓடவிடுங்கள். இறங்கும் வேகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். ஆசிரியர் பார்க்க வேண்டியது ஏறும் வேகம் (அப்லோட்). அது 1 மெகாபிட்டுக்குக் கீழே இறங்காமல் நின்றால் முகத்தையும் சேர்த்து அனுப்பலாம். குறைந்தால் கேமராவை மூடிக் குரலும் திரைப் பகிர்வும் மட்டும். மூன்று முறை சோதித்து, மூன்றில் குறைந்த எண்ணை நம்புங்கள். கான்கிரீட் அறையின் நடுவைவிட ஜன்னலோரம் நல்லது. மொட்டை மாடியில் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கலாம், ஆனால் வெயிலில் போன் சூடாகும், காற்று மைக்கில் அடிக்கும்.

5ஜி ஆன் செய்து வைத்தால் நல்லதா?

வீட்டுக்குள் 5ஜி உறுதியாக நின்றால் நல்லது. 5ஜி சிக்னலின் எல்லையோரத்தில் இருக்கும் வீடுகளில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறிமாறித் தாவும், ஒவ்வொரு தாவலிலும் குரல் சற்று அறுபடலாம். அப்படி நடந்தால் நெட்வொர்க் அமைப்பில் 4ஜி அல்லது எல்.டி.இ. என்று கட்டிப்போடுங்கள்.

வகுப்பு நடுவே போன் கால் வந்து எல்லாம் துண்டிக்கப்படுகிறது. என்ன செய்வது?

அழைப்பை எடுத்தால் மைக் அழைப்புக்குப் போய்விடும், வகுப்புக்குக் கேட்காது. இரண்டு சிம் உள்ள போன்களில் சிக்கல் இன்னும் கூடுதல்: ஒரு சிம்மில் பேசும்போது மற்ற சிம்மின் டேட்டா நின்றுபோவது பல போன்களில் வழக்கம்.

வீட்டில் இரண்டாவது போன் இருந்தால் உறுதியான வழி ஒன்று உண்டு. டேட்டா சிம்மை அந்த இரண்டாவது போனில் போட்டு ஹாட்ஸ்பாட் ஆன் செய்யுங்கள். வகுப்பு எடுக்கும் போனை ஏரோப்ளேன் மோடில் வைத்து வைஃபையை மட்டும் திறங்கள். வைஃபை வழியாக அழைப்பு வரும் வசதி இருந்தால் அதையும் மூடிவிடுங்கள். வகுப்பு முடியும்வரை எந்த அழைப்பும் அந்தப் போனுக்கு வராது. இரண்டாவது போன் இல்லாதவர்கள் வகுப்பு நேரத்தை உறவினர்களிடம் சொல்லிவைப்பதும், அழைப்புகளை வீட்டிலுள்ள இன்னொரு எண்ணுக்குத் திருப்பிவிடுவதும்தான் வழி.

நான் பேசினால் யாருக்கும் கேட்கவில்லை. மியூட்டும் எடுத்துவிட்டேன்.

இடது கீழ்மூலையைப் பாருங்கள். ஜூமில் மைக் படத்துக்குப் பதிலாக ஹெட்போன் படம் இருந்தால் நீங்கள் ஒலியில் இன்னும் சேரவே இல்லை. அதைத் தொட்டு ‘வைஃபை ஆர் செல்லுலார் டேட்டா’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாணவர்கள் பக்கம் அடிக்கடி நிகழும் கோளாறு இதுதான். மைக் படம் இருந்தும் கேட்கவில்லை என்றால் போனின் அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மைக் அனுமதி மறுக்கப்பட்டிருக்கும். முதல்முறை ‘டினை’ அழுத்தியது அப்படியே நின்றுவிடும், நாம்தான் போய்த் திறக்க வேண்டும்.

எதிரொலியும் ஊளைச் சத்தமும் எங்கிருந்து வருகின்றன?

பெரும்பாலும் ஒரே அறையில் இரண்டு போன்கள் ஒரே வகுப்பில் இருப்பதால். ஒன்றின் ஸ்பீக்கரில் வருவதை மற்றதன் மைக் எடுத்து மறுபடி அனுப்புகிறது. மியூட் செய்தால் பாதிதான் தீரும், அந்தப் போனின் ஸ்பீக்கர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும். ஒரு போனில் ஒலியையே துண்டிக்க வேண்டும். ஜூமில் அதற்கு ‘டிஸ்கனெக்ட் ஆடியோ’ உண்டு.

இரண்டு பிள்ளைகள் ஒரே வகுப்பில் இல்லாமல் வெவ்வேறு வகுப்பில் இருந்தாலும் ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள். முடியாவிட்டால் இருவருக்கும் இயர்போன் வேண்டும்.

எந்த இயர்போன் வாங்குவது?

மைக் உள்ள கம்பி இயர்போன். ப்ளூடூத்தில் பாட்டு நன்றாகக் கேட்கும், ஆனால் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது பல மாடல்களில் ஒலியின் தரம் இறங்கிவிடும். சார்ஜ் தீர்ந்து நடுவகுப்பில் நிற்பதும் உண்டு. கம்பி மைக் துப்பட்டாவிலோ சட்டைப் பொத்தானிலோ உரசாமல் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தொங்க வேண்டும். உரசும் சத்தம் பேசுபவருக்குத் தெரியாது, 40 பேர் காதிலும் கரகரவென்று விழும். மின்விசிறியின் நேர்க் காற்றில் உட்காராதீர்கள்.

கரும்பலகை இல்லாமல் கணக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

தாளும் ஸ்கெட்ச் பேனாவும் போதும், போனைத் தலைகீழாகப் பார்க்கும்படி நிறுத்தத் தெரிந்தால். அடுக்கிய புத்தகங்களின் மேல் ஒரு மர ஸ்கேல் அல்லது பலகைத் துண்டை வைத்து, அதன் நுனியில் போன் கேமரா கீழே பார்க்கும்படி படுக்க வையுங்கள். பின்முனையில் கனமான புத்தகம் ஒன்றை ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் போன் கவிழும். மேசையிலிருந்து 30 முதல் 40 செ.மீ. உயரத்தில் ஒரு ஏ4 தாள் முழுதாகச் சட்டத்துக்குள் விழும். முன் கேமராவை விட்டுப் பின் கேமராவுக்கு மாறுங்கள், தெளிவு கூடும்.

தாளை அகலவாக்கில் வையுங்கள். அதன் நான்கு ஓரங்களையும் மேசையில் டேப் ஒட்டி அடையாளமிட்டால் ஒவ்வொரு புதுத் தாளும் அதே இடத்தில் உட்காரும். எழுத்து ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. உயரம் இருக்கட்டும், பக்கத்துக்கு ஆறு ஏழு வரிக்கு மேல் வேண்டாம். பார்ப்பவரின் திரை ஆறு அங்குலம் என்பதை நினைவில் வையுங்கள். பால்பாயிண்ட் பேனாக் கோடு மாணவர் திரையில் கரைந்துபோகும். பின்னங்களையும் அடுக்குகளையும் இன்னும் பெரிதாக எழுதுங்கள். ‘²’ என்று நீங்கள் எழுதியது அங்கே புள்ளியாகத்தான் தெரியும்.

வெளிச்சம் எழுதாத கையின் பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்தின் மேல் விழும். வெள்ளைத் தாள் திரையை நிறைக்கும்போது கேமரா தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும், தாள் சாம்பல் நிறமாகத் தெரியும். அறை வெளிச்சத்தைக் கூட்டினால் சரியாகும். ட்யூப்லைட் நேர்மேலே இருந்தால் பளபளப்பான தாளில் வெள்ளைத் திட்டு விழும், சாதாரண ஜெராக்ஸ் தாள் நல்லது.

கை நகர்ந்துகொண்டே இருந்தால் படம் கலங்கும். அசைவு அதிகமான படத்துக்கு அதிக டேட்டா வேண்டும், அது கிடைக்காதபோது செயலி கூர்மையைக் குறைக்கிறது. எழுதி முடித்ததும் கையை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நொடி தாளைச் சும்மா விடுங்கள். எழுத்து தெளியும், மாணவர் குறித்துக்கொள்வார். இந்த இடைவெளியைப் பழகிக்கொண்ட ஆசிரியரின் வகுப்பை மாணவர்கள் உடனே உணர்வார்கள்.

பழைய போன் ஒன்று வீட்டில் இருந்தால் அதை ஒலி துண்டித்துத் தாளுக்கு மேல் நிறுத்துங்கள். குரலுக்கும் முகத்துக்கும் உங்கள் போன். தாளைக் காட்டும் போனின் பெயரை ‘பலகை’ என்று மாற்றி, எல்லோர் திரையிலும் அதுவே பெரிதாகத் தெரியும்படி ஜூமில் ‘ஸ்பாட்லைட்’ செய்யலாம்.

என் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரிகிறது!

முன் கேமராவில் உங்களுக்கு மட்டும்தான் அப்படித் தெரியும். மாணவர்களுக்கு நேராகவே தெரியும். சந்தேகம் இருந்தால் ஒரு மாணவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

கேமராவில் காட்டுவதா, திரைப் பகிர்வா?

அச்சிட்ட பாடம், படம், வரைபடம் என்றால் திரைப் பகிர்வு. எழுத்து கூர்மையாகப் போகும், டேட்டாவும் குறைவு. புத்தகத்தைக் கேமராவுக்கு முன் பிடித்துக் காட்டுவது இரண்டு விதத்திலும் நட்டம். தமிழ்நாடு பாடநூல்கள் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கின்றன, முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

பகிரத் தொடங்குமுன் ‘டு நாட் டிஸ்டர்ப்’ கட்டாயம். திரையைப் பகிரும்போது மேலே இறங்கும் வங்கி ஓ.டி.பி.யும் வீட்டுச் செய்தியும் எல்லோருக்கும் தெரியும். ஆண்ட்ராய்டு 15இல் பகிர்வின்போது அறிவிப்புகளின் உள்ளடக்கம் மறைக்கப்படுகிறது. பழைய போன்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

யூடியூப் வீடியோவைத் திரைப் பகிர்வில் ஓட்டாதீர்கள். படம் விட்டுவிட்டு வரும், ஒலி சேராது, எல்லோருக்கும் டேட்டா வீண். லிங்க்கை முதல்நாளே அனுப்பிப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

தெரியாதவர்கள் வகுப்புக்குள் நுழைவதை எப்படித் தடுப்பது?

லிங்க் பொதுக் குழுக்களில் போய்விட்டால் யாரும் வரலாம். 2020இல் இப்படி நுழைந்தவர்கள் உலகமெங்கும் வகுப்புகளைக் குலைத்ததால்தான் ஜூம் அந்த ஆண்டு ஏப்ரலில் கடவுக்குறியையும் (பாஸ்கோட்) காத்திருப்பு அறையையும் இயல்பாகவே ஆன் செய்தது. அவற்றை வசதிக்காக அணைத்துவிடாதீர்கள்.

மாணவர்கள் வரிசை எண்ணோடு பெயரைப் போட்டு வரட்டும்: ‘17 கவிதா’ என்பதுபோல். ‘ஓப்போ ஏ5’, ‘அம்மா’ என்று வருபவர்களைக் காத்திருப்பு அறையிலேயே நிறுத்தி, குழுவில் யார் என்று கேளுங்கள். திரைப் பகிர்வு ஆசிரியருக்கு மட்டும், அரட்டை ஆசிரியருக்கு மட்டும், நுழையும்போதே மியூட், பெயர் மாற்றம் தடை. முதல் 10 நிமிடம் கழிந்ததும் கூட்டத்தைப் பூட்டுங்கள். இணைப்பு அறுந்து திரும்பி வருபவருக்காக ஒரு நிமிடம் பூட்டைத் திறக்க வேண்டியிருக்கும்.

பாடம் எடுத்துக்கொண்டே இதையெல்லாம் ஒரே போனில் செய்வது கடினம். இன்னொரு ஆசிரியரையோ பொறுப்பான பெற்றோர் ஒருவரையோ இணை நடத்துநராக்குங்கள். உள்ளே விடுவதும் மியூட் செய்வதும் அரட்டையில் வரும் கேள்வியை எடுத்துச் சொல்வதும் அவர் வேலை. ஏதாவது தவறாக நடந்தால் ஜூமில் எல்லோருடைய மைக், படம், பகிர்வு மூன்றையும் ஒரே தொடுதலில் நிறுத்தும் வசதி நடத்துநருக்கான பட்டியலில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

மாணவர்கள் கேமராவைத் திறந்துதான் இருக்க வேண்டுமா?

கட்டாயப்படுத்தாதீர்கள். டேட்டா ஒரு காரணம். ஒரே அறை வீட்டில் பின்னால் யார் நடமாடுகிறார்கள், என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்பதை வகுப்பு முழுவதும் பார்க்க வேண்டியதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். படம்பிடித்துப் பரப்பப்படுமோ என்ற அச்சம் மாணவிகளுக்கு நியாயமானது. கவனத்தை அறிய வேறு வழி இருக்கிறது: எட்டு நிமிடத்துக்கு ஒரு கேள்வி கேட்டு, பதிலை அரட்டையில் ஒரே எழுத்தாக இடச் சொல்லுங்கள்.

வருகைப்பதிவு எடுக்கவே நேரம் போய்விடுகிறதே?

பெயர் கூப்பிட்டால் 40 பேருக்கு ஐந்து நிமிடம் ஆகும், அதிலும் மியூட் எடுக்கத் தெரியாமல் தவிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். வகுப்பின் கடைசியில் ஒரு கேள்விக்கு கூகுள் படிவத்தில் விடை அனுப்பச் சொல்லுங்கள். வருகையும் பாடம் புரிந்ததா என்பதும் ஒன்றாகத் தெரியும். டேட்டா தீர்ந்து நடுவில் விழுந்தவர் மாலைக்குள் அனுப்பினாலும் வந்ததாகவே கணக்கில் கொள்ளுங்கள்.

வகுப்பைப் பதிவு செய்து அனுப்பலாமா?

போனிலிருந்து ஜூம் இலவசக் கணக்கில் பதிவு செய்ய முடியாது, மீட்டின் இலவசக் கணக்கிலும் பதிவு இல்லை. போனிலேயே உள்ள திரைப்பதிவு வசதியில் மற்றவர் குரல் விழாமல் போகலாம், கோப்பும் பெரிதாகும். மாணவர்களின் குரலும் பெயரும் அதில் இருப்பதால் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் பதிவைப் பகிரவே கூடாது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது.

வராதவர்களுக்கு உதவ எளிய வழி: எழுதிய தாள்களைப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு நிமிடக் குரல்பதிவோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஐந்து நிமிடக் குரல்பதிவு ஏறக்குறைய ஒரு எம்.பி.க்குள் அடங்கும். 64 கிலோபிட் வேகத்திலும் மெதுவாக இறங்கிவிடும்.

போன் சூடாகிறது, செயலி தானாக மூடிக்கொள்கிறது.

சூடு: சார்ஜ் போட்டபடி வகுப்பு நடத்தாதீர்கள். வகுப்புக்கு முன்பே நிரப்பிவிட்டு, பின்னுறையைக் கழற்றி, நிழலில் வையுங்கள். கேமராவை மூடினால் சூடு குறைவது கையிலேயே தெரியும். சூடு மிஞ்சினால் போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதன் விளைவாகக் குரல் தடுமாறும். அப்போது நெட்வொர்க்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

தானாக மூடிக்கொள்வது: பேட்டரி சேமிப்புக்காகப் பின்னணியில் உள்ள செயலிகளைப் போன் நிறுத்திவிடுகிறது. வகுப்பு நடுவே மாணவர் பாடநூல் பி.டி.எஃப்.ஐத் திறந்தால் ஜூம் விழுவது இதனால்தான். அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ அல்லது ‘நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று மாற்றுங்கள். 2 ஜி.பி. ராம் உள்ள போனில் இதுவும் போதாது. பாடநூலைக் காகிதத்தில் வைத்துக்கொள்வதே அங்கே சரியான வழி.

நாளுக்கு எத்தனை வகுப்பு நடத்தலாம்?

ஒன்றிய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) 2020 ஜூலையில் வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல், 1 முதல் 8ஆம் வகுப்பு வரை நாளுக்கு 30 முதல் 45 நிமிட அமர்வு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றது. 9 முதல் 12 வரை நான்கு. மழலையர்க்குப் பெற்றோரோடு 30 நிமிடம். இது கணினித் திரையையும் சேர்த்து எழுதப்பட்டது. ஆறு அங்குலத் திரையில் பார்க்கும் பிள்ளைக்கு இதையே உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு அமர்வுக்கு நடுவே 15 நிமிடம் போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

கர்நாடக சங்கீத வகுப்பில் சுருதிப்பெட்டிச் சத்தம் மறைந்துவிடுகிறது. ஏன்?

மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் செயலி இரைச்சல் என்று எண்ணி நீக்கும். மின்விசிறிக்கும் தம்புராவுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. நீண்ட கார்வையும் (ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பது) தேய்ந்துபோவது இதனால்தான். ஜூம் அமைப்புகளில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ வசதியைத் திறந்து, கூட்டத்துக்குள் போனதும் ‘மோர்’ பட்டியலில் அதை ஆன் செய்யுங்கள். ஐபோனில் கன்ட்ரோல் சென்டரில் மைக் முறையை ‘வைட் ஸ்பெக்ட்ரம்’ ஆக்கலாம். இவற்றை ஆன் செய்தால் அறைச் சத்தமும் சேர்ந்து போகும், அதனால் விசிறியை அணைத்துவிடுங்கள்.

மாணவர் தன் வீட்டிலேயே அதே சுருதியில் தனிப்பெட்டி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாடுவது நடக்காது. தாமதம் எவ்வளவு குறைந்தாலும் தாளம் விலகும். ஒருவர் பாட, மற்றவர் மியூட்டில் கேட்டுத் திருப்பிப் பாடும் முறைதான் நேரலையில் நிற்கும். தாளத்தை மாணவரே கையில் போட்டு ஆசிரியருக்குக் காட்ட வேண்டும், ஆசிரியர் போடும் தாளத்துக்கு மாணவர் பாடினால் ஆசிரியர் காதில் பிந்தித்தான் விழும்.

அமெரிக்காவிலுள்ள மாணவர்கள் திடீரென ஒரு மணி நேரம் தவறி வருகிறார்களே?

அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும், நமக்கு மாறாது. சென்னையில் மாலை 7 மணி என்பது நியூ ஜெர்சியில் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. லண்டனில் மாறுவது வேறு தேதிகளில், மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. நேரத்தைக் கூகுள் காலண்டர் அழைப்பாக அனுப்பினால் ஒவ்வொருவர் போனும் தன் ஊர் நேரத்தைக் காட்டும்.

வகுப்பில் நான்கைந்து பேரிடம் ஸ்மார்ட்போனே இல்லை. அவர்களுக்கு?

சாதாரணப் பட்டன் போனிலும் கான்பரன்ஸ் கால் உண்டு. அழைப்பவரைத் தவிர ஐந்து பேர் வரை சேர்க்கலாம். முதல் எண்ணை அழைத்து, அவரைக் காத்திருப்பில் வைத்து, அடுத்த எண்ணை அழைத்து ‘மெர்ஜ்’ அல்லது ‘கான்பரன்ஸ்’ அழுத்துங்கள், மற்றவர்களையும் இப்படியே சேர்த்துக்கொண்டு போகலாம். வரம்பில்லா அழைப்பு உள்ள பேக்கில் வழக்கமாகக் கூடுதல் செலவு இல்லை, டேட்டா ஒரு துளியும் வேண்டாம். பாடநூல் அவர்கள் கையில் இருக்கிறது. ‘47ஆம் பக்கம், இரண்டாவது படம்’ என்று சொல்லி 20 நிமிடம் நடத்தினால் போதும். தொலைக்காட்சி உள்ள வீடாக இருந்தால் 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் நிகழ்ச்சி நேரங்களையும் குறித்துக் கொடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அந்த வாரத் தாள்களை ஜெராக்ஸ் எடுத்து, அருகில் வசிக்கும் வகுப்புத் தோழர் வழியாக அனுப்பலாம். ஐந்து பேருக்கும் கான்பரன்ஸ் கால் நேரம் வாரம் முழுவதும் ஒன்றாகவே இருக்கட்டும், போன் அப்பாவோடு வேலைக்குப் போகும் வீடுகளில் அதைக் காலை 7 மணிக்கோ இரவு 8 மணிக்கோ வையுங்கள்.